எனக்கும் அந்த ஷெட்டுக்கும் சம்பந்தம் உண்டு

1

குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு திங்கட்கிழமை காலை, என் மேலதிகாரி உல்ரிகே ஒரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்து, "இந்த ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். அவர் விரல் வைத்த இடத்தில் ஆங்கிலத்தில் அம்பத்தூர் என்று இருந்தது. அவர் அதை 'ஆம்பாட்டுயர்' என்றார். நான் திருத்தினேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். இருவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

என் பெயர் பியூலா. மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கணவர் வாரத்தில் ஐந்து நாள் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் பதின்மூன்று வயது மகள் லீனாவும். காற்று, தண்ணீர், மண், ரசாயனம் இவையெல்லாம் குழந்தைகளின் உடம்பை என்ன செய்கின்றன என்று பார்த்து அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பில் எழுத்தராக இருக்கிறேன். ஊரில் சிலர் என்னை விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. விஞ்ஞானிகளின் காகிதங்களைச் சரிபார்த்து அடுக்கி வைக்கிறவள்.

அந்தச் சமயத்தில் எங்கள் அமைப்பு புதிய ஆலோசனைக் குழு ஒன்றுக்கு நிபுணர்களைத் தேடிக்கொண்டிருந்தது. பல நாடுகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர் இருக்கிறதா, ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தக் கடைசிப் பக்கம்தான் முக்கியம். 'இந்த விஷயத்தில் எனக்கோ என் குடும்பத்தாருக்கோ ஆதாயமோ வேறு சம்பந்தமோ இல்லை' என்று நிபுணர் உறுதி சொல்லும் பக்கம் அது. ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும்.

அம்பத்தூர் விண்ணப்பம் டாக்டர் கஸ்தூரி என்ற குழந்தை மருத்துவருடையது. சின்னதாகச் சொந்த கிளினிக் வைத்திருக்கிறார். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'எம்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. எங்கள் கணினி அதை ஏற்கவில்லை. கட்டுரைப் பட்டியல் காலி. அனுபவம் என்ற இடத்தில் ஒரே ஒரு பத்தி. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் வசிக்கும் பிள்ளைகளின் ரத்தத்தைப் பல வருடங்களாகப் பரிசோதித்துக் குறித்து வருவதாக எழுதியிருந்தார். மேனாம்பேட்டில் ஒரே தெருவில் பல பிள்ளைகளுக்கு நச்சு ஏறியிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

மேனாம்பேடு என்ற சொல்லை அந்த அலுவலகத்தில், அந்தக் கண்ணாடிச் சுவர்களுக்குள் படித்ததும், விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன். எங்கள் ஊரில் தெருக்கள் எத்தனையோ இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2

விடுபட்ட விவரங்களைக் கேட்டு வாங்கும்படி உல்ரிகே சொன்னதால், அழைப்பதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மறுநாள் காலை எட்டு மணிக்கு அழைத்தேன். அங்கே மதியம் ஆகப்போகிற நேரம். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நான் தமிழில் வணக்கம் சொன்னதும் அவர் குரல் இளகியது. "தமிழா? நல்லதாப் போச்சு. நேத்துலேர்ந்து இங்கிலீஷ்ல என்ன பேசறதுன்னு ஒத்திகை பார்த்துக்கிட்டு இருந்தேன்."

குடும்பப் பெயர் பிரச்சினையைச் சொன்னேன். "'எம்'னா முனுசாமி. எங்க அப்பா பேரு. அதைப் போட்டா உங்க ஆபீஸ்ல என்னை மிஸ்டர் முனுசாமி ஆக்கிடுவாங்களே?"

"எங்களையெல்லாம் அப்படித்தான் ஆக்கி வெச்சிருக்காங்க, டாக்டர்."

"சரி, போடுங்க. கட்டுரை கிட்டுரைன்னு நான் எதுவும் எழுதினதில்லை. லாங் சைஸ் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். பேரு, வயசு, வீடு, ரத்தத்துல எவ்வளவு இருந்தது, ஆறு மாசம் கழிச்சு எவ்வளவு. அவ்வளவுதான். அதை போட்டோ எடுத்து அனுப்பினா ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அது என் வேலை இல்லை. ஆனாலும் கேட்டேன்.

"இங்க மனு குடுத்து ஓஞ்சு போயிட்டேன்மா. வெளிநாட்டுலேர்ந்து ஒரு லெட்டர் வந்தா யாராவது தலை நிமிர்ந்து பார்ப்பாங்களோன்னுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க எந்த ஊரு?" என்றார்.

"அம்பத்தூர்தான் டாக்டர்."

"அட. அம்பத்தூர்ல எங்க?"

"மேனாம்பேடு."

அவர் மெதுவாகக் கேட்டார்: "எந்தப் பக்கம்? அந்தத் தண்ணி டேங்க் இருக்கே, அதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம்."

"அப்போ உங்களுக்கு அந்த ஷெட்டு தெரிஞ்சிருக்கும். சர்ச்சுக்குப் பின்னால, சாம்பல் கலர் ஷீட்டு போட்டது."

"தெரியும்," என்றேன்.

அந்த ஷெட் நிற்பது எங்கள் நிலம் என்று நான் சொல்லவில்லை. "விவரம் எல்லாம் கிடைச்சுது டாக்டர், நன்றி," என்று சொல்லி வைத்துவிட்டேன். காதிலிருந்து எடுத்த ஹெட்போன் ஈரமாக இருந்தது.

3

எங்கள் அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். மேனாம்பேட்டில் நிலம் மலிவாக இருந்த காலத்தில் வாங்கி, முன்பாதியில் வீடு கட்டினார். பின்பாதி வெறுமனே கிடந்தது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருவர் வந்து பேட்டரி வேலைக்கு இடம் கேட்டார். அப்பா தகரம் போட்டு வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில்தான் நானும் தம்பி ராபினும் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தோம். அதை நான் எந்தக் காலத்திலும் மறுக்க முடியாது.

அங்கே ஆண்கள் பழைய பேட்டரிகளைக் கோடாரியால் பிளப்பார்கள். கறுப்புத் தண்ணீர் ஓடி முருங்கை மரத்தின் அடியில் தேங்கும். உள்ளிருக்கும் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். உருகியது வெள்ளி மாதிரி மினுங்கும். சிதறி விழுந்த துளிகளை நானும் ராபினும் பொறுக்கி வருவோம். ஒரு தகர டப்பாவில் போட்டு, அம்மா சமைத்து முடித்த அடுப்பில் உருக்கி, மணலில் குழி செய்து ஊற்றுவோம். எனக்கு ஒரு சிலுவை கிடைத்தது. ராபினுக்கு ஒரு மீன். அந்தச் சிலுவையை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். பரீட்சைக்குப் படிக்கும்போதெல்லாம் அதைக் கடித்துக்கொண்டே படிப்பேன். பல்லில் அழுந்தும், மெத்தென்று இருக்கும்.

அப்பா போன பிறகு நிலம் எங்கள் இருவர் பெயரிலும் வந்தது. வாடகையை ராபினே வைத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இடத்தை எடுத்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், தொழில் மட்டும் மாறவில்லை. இப்போது இருப்பவர் பெயர் பாஸ்கர்.

ராபினுக்கு ஒரே மகன், ஜோயல். ஒன்றாம் வகுப்பு. போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது அவன் அந்த முருங்கை மரத்தடியில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். மண்ணில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் அதை போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

4

சனிக்கிழமை ராபினை அழைத்தேன். அங்கே மாலை நேரம். கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறான், அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"ஜோயலுக்கு உடம்பு எப்படிடா இருக்கு?"

"நல்லாதான் கீறான். அப்பப்ப வயித்து வலின்றான். பூச்சி மருந்து குடுத்தோம்."

"ஸ்கூல்ல?"

"படிப்புதான் ஏற மாட்டேங்குது. போன வருசம் ஷோக்கா எழுதுன எழுத்தெல்லாம் இப்ப மறந்து போச்சுன்றாங்க மிஸ்ஸு. எதுக்கெடுத்தாலும் கோவம். செல்லு ரொம்பப் பாக்குறான்க்கா, அதான்."

வயிற்று வலி, மறதி, கோபம். அந்த வாரம் முழுவதும் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பப் படித்த சொற்கள். படித்தவர்கள் நீட்டி எழுதியிருந்ததை என் தம்பி நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"ராபின், நம்ம ஷெட்டுலேர்ந்து வர்ற ஈயம் பிள்ளைங்க ரத்தத்துல ஏறும்டா. பக்கத்துலயே ஒரு டாக்டர் டெஸ்ட் பண்றாங்க. ஜோயலைக் கூட்டிட்டுப் போ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ராபினின் மனைவி ஷீலா குறுக்கே வந்தாள். "ஈயமா அண்ணி? எங்கம்மா ஊட்ல ஈயச்சொம்புலதானே ரசம் வெப்பாங்க. அது ஒடம்புக்கு நல்லதுன்னுதானே சொல்லுவாங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. ரசச் சொம்பு வெள்ளீயம், இது காரீயம், பெயர்தான் ஒன்று, பொருள் வேறு என்று விளக்கினேன். விளக்கும்போதே தெரிந்தது, நான் பேசுவது அறிவுரை மாதிரி இருக்கிறது என்று. ராபினின் குரல் மாறியது.

"இன்னாக்கா சொல்ல வர்றே? நீயும் நானும் அந்த ஷெட்டுலயேதான் வளந்தோம். நமக்கு இன்னா ஆயிடுச்சு? நீ ஜெர்மனில கீறே. நான் வண்டி ஓட்டிகினு கீறேன். அந்த வாடகை இல்லாம இந்த ஊடு ஓடாது, அது உனுக்குத் தெரியும். நீ அங்க ஏசில உக்காந்துகினு அத்த மூடு இத்த மூடுன்னா எப்டி?"

"மூடச் சொல்லலைடா. டெஸ்ட் மட்டும் எடுன்னுதான் சொல்றேன்."

"டெஸ்ட்டு எடுத்து இருக்குன்னு வந்துச்சுன்னா?"

நான் வாயெடுப்பதற்குள், "வண்டி கழுவணும், வெச்சிடறேன்," என்றான். அவனுக்குக் கோபம் இல்லை, பயம். அந்தப் பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லாமல் போனை வைத்தபோது எனக்குள் இருந்ததும் அதுதான்.

5

லீனா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஜெர்மனில் வரும். நான் சோறு போட்டுக்கொண்டே தமிழில் கேட்பேன், அவள் சாப்பிட்டுக்கொண்டே ஜெர்மனில் சொல்வாள். எங்கள் வீட்டில் பல வருடமாக இப்படித்தான்.

"ஈயம் என்றால் என்ன?" என்று கேட்டாள். ஜெர்மனில் ப்ளை என்றேன். அவள் மேசையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். இங்கே பென்சிலுக்கு 'ப்ளைஷ்டிஃப்ட்', ஈயக்கோல் என்று பெயர். "அப்படியானால் இது விஷமா?" என்றாள். அதில் ஈயமே கிடையாது, வெறும் பெயர்தான் என்றேன். இரண்டு மொழியிலும் அந்தச் சொல் ஆளை ஏமாற்றுகிறது.

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக அவள் பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. கவனம் சிதறுகிறது, ஆரம்பித்த கணக்கை முடிப்பதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு மொழிப் பிள்ளை, அப்பா வாரம் முழுவதும் வெளியூர் என்று ஆசிரியை காரணங்கள் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அந்த வாரம் ஒரு நிபுணரின் விண்ணப்பத்தில், சிறு வயதில் உடம்பில் ஏறும் ஈயம் எலும்புக்குள் போய்ப் பல வருடம் தங்கும் என்று படித்தேன். அப்படி ஈயம் ஏறிய பெண் கருவுறும்போது, பிள்ளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காக எலும்பு கரையும். அதோடு ஈயமும் கிளம்பிப் பிள்ளைக்குப் போகும்.

அந்தக் காகிதத்தில் எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. நான் சரி என்று குறியிட்டேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்றிலிருந்து லீனா புத்தகத்தை விட்டு நிமிரும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். அவள் ஜன்னலைப் பார்த்தால் நான் அவளைப் பார்ப்பேன். "ஏன் என்னை இப்படிப் பார்க்கிறாய்?" என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன். அவளிடம் பொய் சொல்லத் தமிழ் எனக்கு வசதியாக இருந்தது.

6

அடுத்த வாரம் டாக்டர் கஸ்தூரியின் நோட்டுப் பக்கங்கள் மின்னஞ்சலில் வந்தன. கோடு போட்ட தாள், நீல மை. பிள்ளைகளின் பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார். வீட்டு அடையாளம் மட்டும் தெரிந்தது. 'டேங்க் எதிரே பச்சை கேட்.' 'தையல் கடை மாடி.' 'சர்ச் சந்து கடைசி வீடு.' எல்லா வீடும் எனக்குத் தெரிந்த வீடு. பச்சை கேட் வீட்டில் என்னோடு படித்தவள் இருக்கிறாள்.

உல்ரிகே அவற்றைப் பார்த்துவிட்டு, "கட்டுரை இல்லாமல் விதிப்படி எடுக்க முடியாது. ஆனால் நீ உள்ளூர்க்காரி. இந்தக் குறிப்புகள் நம்பத்தகுந்தவை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் குழுவின் முன் வைக்கலாம்," என்றார்.

நான் ஒரு பக்கம் எழுதினால் போதும், அந்த டாக்டர் உள்ளே வந்துவிடுவார். அதற்கு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஷெட்டின் நிலத்தில் என் பெயர் இருக்கிறது என்று சொன்னால், கோப்பு என் கையை விட்டுப் போய்விடும். பக்கத்து மேசைக்காரர் கட்டங்களை மட்டும் பார்ப்பவர். காலிக் கட்டம் என்று ஒதுக்கிவிடுவார். இரண்டு நாள் அந்தப் பக்கத்தை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை டாக்டரை அழைத்தேன்.

"டாக்டர், அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த ஷெட்டு எங்க நிலத்துலதான் இருக்கு. என் தம்பி ராபின் வாடகைக்கு விட்டிருக்கான். நிலம் என் பேர்லயும் இருக்கு."

நோட்டுப் பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்தத் தெருவுல எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் வந்துட்டாங்க," என்றார். "ஒரு வீட்டைத் தவிர. ஷெட்டுக்கு முன்னால இருக்கிற வீடு. அந்த வீட்டுப் பொண்ணு ஒரு நாள் பையனைக் கையில பிடிச்சிக்கிட்டு கிளினிக் படி வரைக்கும் வந்துச்சு. நான் உள்ளேர்ந்து பார்த்தேன். பத்து நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் திரும்பிப் போயிடுச்சு."

ஷீலா. ஈயச்சொம்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்ட ஷீலா.

"என் மேல கோவமா டாக்டர்?"

"கோவப்பட்டு என்ன பண்ண? அந்தப் பையனை அனுப்பச் சொல்லுங்க. எனக்கு அதுதான் வேணும்."

போனை வைத்துவிட்டு நேராக உல்ரிகேயின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிலுவையைக் கடித்ததுவரை. ஜெர்மனில் சொல்லும்போது வினைச்சொற்கள் எல்லாம் தப்புத் தப்பாக விழுந்தன. அவர் திருத்தாமல் கேட்டார். கடைசியில், "எழுத்தர்கள் அந்தக் கடைசிப் பக்க உறுதிமொழியை நிரப்ப வேண்டியதே இல்லையே, பியூலா," என்றார். நிரப்பித் தருகிறேன் என்றேன். தந்தேன். கோப்பு பக்கத்து மேசைக்குப் போனது.

7

ஷீலாவுக்கு நான் ஒரு குரல் செய்திதான் அனுப்பினேன். "நீ படி வரைக்கும் போனது எனக்குத் தெரியும். திட்டுறதுக்காகச் சொல்லலை. அடுத்த தடவை உள்ள போ." இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. அடுத்த ஐந்து நாளும் போன் அதிரும்போதெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

ஆறாம் நாள் நான் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ராபின் அழைத்தான். பின்னால் ஷீலா அழுவது கேட்டது. பிறகு சொன்னான்.

"ஷீலா என்கிட்ட சொல்லாமலே கூட்டினு போயிருக்கா. ரிசல்ட்டு வந்துட்ச்சு. அந்தத் தெருவுலயே அவனுக்குத்தான் ஜாஸ்தியாம்க்கா." மூச்சை இழுத்துவிட்டான். "நான்தானே வுட்டேன் வாடகைக்கு. அவன் அந்த மண்ணுலதானே வெள்ளாடுவான். நான் பாத்துகினே இருந்தேன்."

எதிரே ஒரு கிழவர் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன் போல. "நாமதான்டா விட்டோம். நீ மட்டும் இல்லை," என்றேன்.

டாக்டர் கஸ்தூரி ஜோயலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறச் சொன்னார். ராபின் குடும்பத்தோடு பூந்தமல்லியில் மாமியார் வீட்டுக்குப் போனான். இரும்புச் சத்து மருந்து, முட்டை, பால், மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. அளவு மெல்ல இறங்கும் என்றார் டாக்டர். மறந்துபோன எழுத்துகள் திரும்புமா என்று ஷீலா கேட்டதற்கு, "கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதும்மா," என்றாராம்.

பாஸ்கரைக் காலி பண்ணச் சொன்னான் ராபின். அவர் சண்டை போடவில்லை. ஒரே வாரத்தில் சட்டி, கோடாரி, ஷீட்டு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஷெட் போனாலும் மண் போகவில்லை. முருங்கை மரத்தடி அப்படியே இருக்கிறது. அங்கே யாரும் போகாதபடி முள்கம்பி கட்டியிருக்கிறான்.

நானும் லீனாவும் இங்கே பரிசோதித்துக்கொண்டோம். இருவருக்கும் பயப்படும்படி இல்லை. ஆனால் எங்கள் மருத்துவர் ஒன்றைச் சொன்னார். இந்தக் காகிதம் இன்றைய ரத்தத்தைத்தான் சொல்லும். இவள் வயிற்றில் இருந்தபோது என்ன போனது என்று எந்தக் காகிதமும் சொல்லாது. வெளியே வந்ததும் லீனா நின்றாள். அவள் எல்லாவற்றையும் சேர்த்துப் புரிந்துகொண்டிருந்தாள்.

"என்னால படிக்க முடியாதது உன்னாலயா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். உடைந்த தமிழ்தான், ஆனாலும் தமிழ்.

"தெரியாது," என்றேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு நிஜமாவே தெரியாது."

அவள் என் கையைப் பிடிக்கவில்லை, உதறவும் இல்லை. பேருந்து நிறுத்தம் வரைக்கும் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

டாக்டர் கஸ்தூரி ஆலோசகராகத் தேர்வானார். எப்படி என்று எனக்குத் தெரியாது, கோப்பை நான் பார்க்கவே இல்லை. நோட்டுப் பக்கங்களைப் பார்த்துவிட்டுக் குழுத் தலைவர் மற்ற எல்லாக் காகிதங்களையும் ஓரமாக வைத்துவிட்டதாக மட்டும் காதில் விழுந்தது. கடிதம் 'திரு முனுசாமி அவர்களுக்கு' என்றுதான் போனது. அவர் அதை ராபினிடம் காட்டிச் சிரித்திருக்கிறார். அப்போதுதான் அவனிடம் கேட்டாராம்: "எனக்கு ரத்தம் பார்க்கத் தெரியும். எந்தெந்த ஷெட்டு எங்கெங்க இருக்கு, ராத்திரியோட ராத்திரியா எங்க மாத்துறாங்க, எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டறவங்களுக்குத் தெரியும். நீங்க என்கூட வர்றீங்களா?"

8

போன வியாழக்கிழமை காலை பத்து மணி. ஒரு கூட்டத்துக்கான நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ராபினிடமிருந்து அழைப்பு.

"அக்கா, பாரிவாக்கத்துல கீறேன். டாக்டரம்மா அடுத்த தெருவுல. பாஸ்கர் இங்கதான் போட்டுக்கீறான் ஷெட்ட. புதுசா மனை போட்ட எடம், சுத்தி எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க. காலைலேர்ந்து ஊடு ஊடாப் போய்ச் சொல்லிகினு வர்றேன். பாதிப் பேரு கதவே தொறக்கல. இங்க ஒரு அம்மா நிக்கிறாங்க, நம்ப மாட்டேன்றாங்க. நீ பேசு. நீ அந்த ஆபீஸ்ல கீறேல்ல, நீ சொன்னா கேப்பாங்க."

நான் மறுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"யாருங்க?" இளம் பெண்ணின் குரல். எரிச்சலும் தயக்கமும் கலந்திருந்தது. "நீங்க டாக்டரா?"

"இல்லம்மா."

"அப்புறம்? இவரு ஏதோ விஷம் கிஷம்னு சொல்றாரு. நாங்க இப்பதான் லோன் போட்டு வீடு கட்டிக் குடி வந்திருக்கோம். யாரோ எங்களைக் கிளப்பப் பார்க்கறாங்கன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. நான் யாரை நம்பறது?"

என்னிடம் அவளுக்குச் சொல்ல நிபுணர்களின் வாக்கியங்கள் நிறைய இருந்தன. இத்தனை வருட வேலையில் நூற்றுக்கணக்கான காகிதங்களைச் சரிபார்த்திருக்கிறேன். அவற்றை ஒதுக்கிவிட்டேன். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஷெட்டு இத்தனை வருஷம் எங்க நிலத்துல இருந்ததும்மா," என்றேன். "நாங்கதான் வாடகைக்கு விட்டிருந்தோம். உங்க எதிர்ல நிக்கிறானே, அவன் என் தம்பி. அவனுக்கு ஒரு பையன், ஒண்ணாவது படிக்கிறான். எழுதத் தெரிஞ்ச எழுத்தையெல்லாம் மறந்துட்டான். ரத்தத்துல ஏறிடுச்சு. நாங்க போகச் சொன்னதாலதான் அந்த ஷெட்டு உங்க பக்கத்துல வந்திருக்கு. அதுக்காக நான் எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பக்கம் ஒரு வண்டி போகும் ஓசை. எங்கோ தூரத்தில் கோடாரி விழும் சத்தமும் கேட்டது. எனக்கு மிகவும் பழக்கமான சத்தம்.

அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது, ஏனென்றால் அவள் குரல் தள்ளிப் போய்க் கேட்டது.

"பிரணவ், மண்ணைக் கீழ போடு. கையை உதறிட்டு உள்ள வா. இப்பவே வா."